கடைசிப் பாராவில் ஏழு இடங்கள்

காலை எட்டு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு செய்தித்தாள். அரசு கலைக் கல்லூரி ஒன்றின் வாசலில் வேப்பமர நிழலில் நின்றிருந்த ஒருவர் அதை நான்காக மடித்துத் தன் மொபெட்டின் சீட்டில் வைத்து, காற்றில் பறந்துவிடாமல் அதன்மேல் ஒரு டிபன் பாக்ஸையும் வைத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் கையிலும் அதே பக்கம். அங்கிருந்து மதிலை ஒட்டி ஒரு வரிசை புறப்பட்டு, சைக்கிள் கடையைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரை போயிருந்தது.

என் பைக்கின் பின்சீட்டில் இருந்த மகள் இறங்காமலேயே எண்ணினாள்.

"அப்பா அம்மாவெல்லாம் கழிச்சுட்டா நாப்பத்தொரு பேர்ப்பா" என்றாள்.

அவர்கள் கையில் இருந்த செய்தியை எழுதியவன் நான். அப்படி ஒரு வரிசை வரக்கூடாது என்பதற்காக அதை ஒரு மாதிரியாக எழுதியவனும் நான்தான்.

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஜூலை மாதத்தில். தஞ்சாவூரை ஒட்டிய ஒரு பகுதிக்கு நான் ஒரு நாளிதழின் நிருபர். இருபத்திரண்டு வருடமாக அதே பகுதி. ஆற்றில் தண்ணீர் திறப்பு, நெல் கொள்முதல், குடமுழுக்கு, சாலை மறியல் என்று செய்திகளும் ஏறக்குறைய அவையேதான். தேதியும் பெயர்களும் மட்டும் மாறும்.

பிளஸ் டூ முடிவு வரும் நாள் எங்கள் தொழிலில் ஓடியாட வேண்டிய நாள். பள்ளி பள்ளியாகப் போய், முதலிடம் பெற்ற மாணவிக்கு அவருடைய அம்மா இனிப்பு ஊட்டுவதைப் படம் எடுக்க வேண்டும். அம்மா ஊட்டுவார். மகள் வாயைத் திறப்பார். நான் "இன்னும் ஒரு தடவை" என்பேன். சில மாணவிகள் நான் போய்ச் சேர்வதற்குள் மற்றப் பத்திரிகைகளுக்காக ஐந்தாறு லட்டு சாப்பிட்டு முடித்து, லட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பும் நிலையில் இருப்பார்கள். அந்த வருடம் அப்படி ஒரு மாணவி எனக்காக வாயைத் திறந்துகொண்டிருந்தபோது என் போனில் மனைவியின் செய்தி வந்தது. "307. பாஸ்."

அறுநூற்றுக்கு முந்நூற்று ஏழு.

படம் எடுத்து முடித்ததும் அந்த மாணவியின் அப்பா, உங்கள் பெண்ணும் இந்த வருடம்தானே என்று விசாரித்தார். நன்றாகச் செய்திருக்கிறாள் என்றேன். எவ்வளவு என்று அடுத்த கேள்வி வருவதற்குள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். அன்று மாலை வரை பல இடங்களில் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே செய்தி சேகரித்தேன்.

மகளைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. வணிகவியல் பிரிவில் அவளைச் சேர்த்தது நான். வங்கி வேலை என்று ஒன்று என் மனதில் இருந்தது. கணக்குப் பதிவியலில் பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்பதில் அவளுக்குக் கடைசி வரை ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் எந்த வாய்க்கால் எந்த ஆற்றில் பிரிகிறது, எந்த மதகிலிருந்து எந்த ஊருக்குத் தண்ணீர் போகிறது என்பதில் எந்தச் சந்தேகமும் கிடையாது. சின்ன வயதிலிருந்து விடுமுறை நாட்களில் என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து செய்திக்கு வருவாள். நான் அதிகாரிகளின் பேச்சைக் குறிப்பெடுப்பேன். அவள் பாலத்தில் நின்று தண்ணீர் போகும் திசையைப் பார்ப்பாள். ஒருமுறை வெண்ணாற்றுப் பாசனம் என்று நான் எழுதிய ஒரு ஊர் வெட்டாற்றுப் பாசனத்தைச் சேர்ந்தது என்று காலையில் பேப்பரைப் பார்த்ததும் சொன்னாள். அப்போது அவள் எட்டாம் வகுப்பு. பொதுப்பணித் துறையில் கேட்டுப் பார்த்தேன். மறுநாள் திருத்தம் போட்டோம்.

இதெல்லாம் மதிப்பெண் பட்டியலில் வராது. மே மாதத்திலிருந்து வீட்டில் எல்லோரும் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர் வாரம் ஒரு வீடியோ அனுப்புவார். முதல் வாரம் ஓட்டல் மேனேஜ்மென்ட், இரண்டாவது வாரம் லாஜிஸ்டிக்ஸ், மூன்றாவது வாரம் மறுபடி ஓட்டல் மேனேஜ்மென்ட். எங்கள் நம்பர் எப்படிக் கிடைத்ததோ, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியிலிருந்து ஒருவர் தினமும் காலை ஏழு மணிக்கு அழைத்து, "நாளைய இன்ஜினியர் இருக்காங்களா சார்?" என்று கேட்பார். அவள் இயற்பியல், வேதியியல் எதுவும் படிக்கவில்லை என்று விளக்கினேன். "அது பரவால்லைங்க சார், சேந்ததுக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அரசுக் கல்லூரிகளில் இரண்டு சுற்றுக் கலந்தாய்வு முடிந்தும் மகளின் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. வணிகவியல் கேட்டிருந்தோம். முந்நூற்று ஏழுக்கு அது எட்டவில்லை. ஜூலை பாதியில் அவள் தோழிகள் கல்லூரிக்குப் போகப் பை வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவள் வீட்டில் இருந்த பழைய பையையே துவைத்துக் காயப்போட்டிருந்தாள். துவைத்தது எதற்கென்று நான் கேட்கவில்லை. இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் எங்காவது கடையில் பில் போடத்தான் போவாள் என்று மனைவி சொன்னாள். அது பயமுறுத்துவதற்காகச் சொன்னதல்ல. எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு பேர் இருந்தார்கள்.

இந்த அரசு கலைக் கல்லூரியின் முதல்வரை ஆண்டு விழாச் செய்திகள் மூலம் எனக்குத் தெரியும். நேரில் போய் என்ன இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள் மனைவி. ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மகளை அழைத்துக்கொண்டு போனேன். எல்லாச் சான்றிதழ்களும் ஒரு நீலக் கோப்பில் அவள் மடியில் இருந்தன.

கோளாறு வாசலிலேயே ஆரம்பித்தது. என் பைக்கில் "பிரஸ்" என்று ஒட்டியிருந்ததைப் பார்த்த காவலாளி, வேறு யாரையோ நிறுத்திவிட்டு எங்களை உள்ளே விட்டார். முதல்வரின் அறை உதவியாளர், "பேப்பர்லேர்ந்து வந்திருக்காங்க மேடம்" என்று சொல்லிக் கதவைத் திறந்தார். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் டீக்குச் சொல்லியாயிற்று.

"நானே உங்களக் கூப்புடணும்னு இருந்தேன் சார். நீங்களே வந்துட்டீங்க" என்றார் முதல்வர்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் மிகவும் சிறியது. இவள் என் மகள், முந்நூற்று ஏழு மதிப்பெண், இவளுக்கு ஓர் இடம் வேண்டும். வாயைத் திறந்தேன். முதல்வர் மகளைப் பார்த்துவிட்டு, "யாரு சார் இது?" என்று கேட்டார்.

"உதவிக்கு வந்திருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இதுவரை பலமுறை யோசித்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களின் முதல் மதிப்பெண்களை எண்ணால் எழுதியவனுக்குத் தன் வீட்டு எண்ணை வாயால் சொல்ல வரவில்லை என்பது தவிர வேறு காரணம் தெரியவில்லை. மகள் நீலக் கோப்பைத் திருப்பி, பெயர் எழுதியிருந்த பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்துக்கொண்டாள். என் சட்டைப் பையிலிருந்த குறிப்பேட்டையும் பேனாவையும் எடுத்து என் கையில் கொடுத்தாள்.

முதல்வர் பேச ஆரம்பித்தார். கல்லூரியில் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன, அது யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் அவருடைய கவலை. இரண்டு பாடங்களைச் சொன்னார். புள்ளியியலில் ஒன்பது இடம். அதற்குப் பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். புவியியலில் ஏழு இடம். புவியியலை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றார்.

"எந்த குரூப் படிச்சவங்க சேரலாம் மேடம்?" என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"எந்த குரூப்பா இருந்தாலும் சரிம்மா. பாஸ் பண்ணியிருந்தாப் போதும்."

"கட் ஆஃப்?"

"ஆளே இல்லைங்குறேன், கட் ஆஃப்புக்கு எங்க போறது? வர்றவங்கள அன்னிக்கே சேத்துக்குவேன். ஏழு பேருக்கு மேல வந்தாத்தான் மார்க் வரிசை பாக்கணும்." முதல்வர் என் பக்கம் திரும்பினார். "நல்லாக் கேள்வி கேக்குது சார் இந்தப் பொண்ணு. உங்க லைன்ல பெரிய ஆளா வரும்."

பிஸ்கட் தட்டை மகள் பக்கம் நகர்த்தினார். நான் "புவியியல் 7" என்று எழுதி அடிக்கோடிட்டேன். மகள் குனிந்து என் குறிப்பேட்டில் அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு முதல்வர் மேஜையில் பூச்செண்டை நகர்த்தி வைக்கச் சொல்லி, நான் ஒரு படம் எடுத்தேன். நாளைக்கே வந்துவிடுமா என்று கேட்டார். வந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பைக்கில் திரும்பும்போது, நாளைக் காலை முதல் வேலையாக வந்து சேர்ந்துவிடலாம் என்று மகளிடம் சொன்னேன். "நாளைக்கு நான் யாருப்பா?" என்று கேட்டாள். இரைச்சலில் காதில் விழாதது போல் ஓட்டினேன்.

வீட்டில் மனைவி, ஏன் இன்றைக்கே சேர்க்கவில்லை என்று கேட்டாள். மாற்றுச் சான்றிதழைக் கொண்டுபோக மறந்துவிட்டோம் என்றேன். அது நீலக் கோப்பில்தான் இருந்தது. மகள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குச் செய்தி எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் விஷயம் உறைத்தது. செய்தி வியாழக்கிழமை காலையில் வரும். நாங்கள் போகப்போவதும் வியாழக்கிழமை காலையில். ஏழு இடம் காலி என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, மகளின் முந்நூற்று ஏழை எடுத்துக்கொண்டு போய் நிற்கப்போகிறேன். செய்தியை அனுப்பாமல் இருக்க முடியாது. முதல்வரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. புவியியலை மட்டும் விட்டுவிட்டு எழுதவும் கை வரவில்லை. அப்படிச் செய்தால் அது பொய்.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு நடைமுறையைச் சொல்லியாக வேண்டும். ஊர்களிலிருந்து நாங்கள் அனுப்பும் செய்தியைத் தலைமை அலுவலகத்தில் துணை ஆசிரியர்கள் நாளிதழின் பக்கத்தில் வைப்பார்கள். இடம் போதவில்லை என்றால் செய்தியின் வாலிலிருந்து வெட்டுவார்கள். முக்கியமானது முதலில், முக்கியமில்லாதது கடைசியில் என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட கணக்கு. என் செய்திகளில் கடைசிப் பாரா பிழைத்தது அபூர்வம். விழாவில் கலந்துகொண்டோர் பெயர்களைக் கடைசியில் எழுதுவேன். அது வராது. இதனாலேயே என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்ட முன்னாள் ஊராட்சித் தலைவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். எத்தனையோ முறை அலுவலகத்துக்குப் போன் செய்து இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன்.

அன்று அந்தக் கத்தரிக்கோலை நம்பினேன். முதல் பாராவில் கல்லூரியின் வளர்ச்சி. இரண்டாவதில் புதிய கழிப்பறைக் கட்டடம். மூன்றாவதில் நூலகம். நான்காவதில் புள்ளியியல், ஒன்பது இடம். ஐந்தாவதில் முதல்வரின் வேண்டுகோள். ஆறாவதும் கடைசியுமான பாராவில் ஒரே ஒரு வரி: புவியியல் பாடத்தில் ஏழு இடங்கள் காலியாக உள்ளன, எந்தப் பிரிவு படித்தவர்களும் சேரலாம், வருபவர்களுக்கு அன்றே சேர்க்கை. எழுதவேண்டியதை எழுதிவிட்டேன். வெட்டுவது அவர்கள் பாடு. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு அனுப்பினேன். அனுப்பிய பிறகு ஒரு டீ குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

மறுநாள் எங்கள் வீட்டுக்குப் பேப்பர் தாமதமாக வந்தது. பார்க்காமலேயே கிளம்பிவிட்டோம். ஆகவே, அந்த மொபெட் சீட்டில்தான் என் செய்தியை முதன்முதலில் அச்சில் பார்த்தேன். ஆறு பாராவும் இருந்தன. ஒரு எழுத்துக் குறையவில்லை. மேலே பெரிய எழுத்தில் தலைப்பு: "புவியியல் படிக்க ஆளில்லை: ஏழு இடங்கள் காலி, வந்தால் அன்றே சேர்க்கை."

சற்றுத் தள்ளிப் போய்ப் போன் செய்தேன். பக்கத்தை வைத்த துணை ஆசிரியர் வீட்டில் தூக்கத்திலிருந்து எழுந்து பேசினார். கால் பக்கத்துக்கு வரவேண்டிய விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் வரவில்லை என்றார். ஏதோ தனியார் கல்லூரி விளம்பரமாம். அந்த இடத்தை நிரப்ப என் செய்தி கைகொடுத்ததாம்.

"ஆளே வரலைங்குறதுதான் சார் செய்தி. அதப் போயிக் கடைசியில எழுதியிருக்கீங்க. கழிப்பறைய மேல வச்சிருக்கீங்க. இத்தன வருஷ சர்வீஸ்ல இப்படி எழுதலாமா?" என்று கேட்டார். பிறகு, எப்போதும் கடைசிப் பாராவுக்காகச் சண்டை போடுவீர்களே, இன்றைக்குத் திருப்திதானே என்றும் கேட்டார்.

திருப்திதான் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மகள் வரிசையின் கடைசியில் போய் நின்றிருந்தாள். எங்களுக்கு முன்னால், மொபெட்டை வேப்பமர நிழலில் விட்டுவிட்டு அப்போதுதான் வரிசைக்கு வந்திருந்த அந்த மொபெட்காரர். பேப்பரை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார். திருவையாற்றுப் பக்கம் ஒரு கிராமத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். தினமும் காலையில் வாடிக்கையாளர்களுக்குப் பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது அவருடைய வழக்கம். நடவுக்குப் போகிறவர்கள் டீயோடு சேர்த்துச் செய்தியையும் கேட்டுவிட்டுப் போவார்கள். இன்றைக்கு இந்தத் தலைப்பைப் படித்ததும் நிறுத்திவிட்டார். அடுப்பில் இருந்த பாலை ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இந்தத் தாளை மட்டும் உருவிக்கொண்டு, மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய மகளும் என் மகளைப் போலவே ஒரு கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அது பச்சைக் கோப்பு.

"பால் பொங்காம இருக்கணும்" என்றார் அவர். "அந்தாளு பேச்சு சுவாரசியத்துல இருந்தா ஒலகத்தையே மறந்துடுவாரு."

செய்தியை நான் படித்தேனா என்று கேட்டார். படித்தேன் என்றேன்.

"எழுதுனவரு நல்ல மனுஷனா இருக்கணும். ஆனா எழுதத் தெரியல பாருங்க. முக்கியமானதக் கொண்டுபோயிக் கடைசியில வச்சிருக்காரு. தலைப்பு மட்டும் இல்லன்னா, நான் கக்கூஸ் கட்டுனதோட அடுத்த செய்திக்குப் போயிருப்பேன்."

அவருடைய மகள் சிரித்தாள். என் மகள் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எங்கள் தொழில் தெரியும். கடைசிப் பாரா வெட்டப்பட்ட கதைகளைச் சாப்பாட்டு நேரங்களில் கேட்டு வளர்ந்தவள். அவள் முகத்தில் அந்த ஆறு பாராவும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதை நான் பார்த்தேன்.

"வெட்டிடுவாங்கன்னுதானே கடைசியில எழுதுனீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மாட்டிக்கொண்டு தப்பிக்க ஹெல்மெட் கையில் இல்லை.

"உதவிக்கு வந்தவங்களுக்கு இவ்ளோ உதவி வேணாம்ப்பா" என்றாள்.

ஒன்பது மணிக்குக் காவலாளி வெளியே வந்தார். வரிசையின் வாலில் என்னைப் பார்த்ததும், வெயிலில் ஏன் நிற்கிறீர்கள், நேராக உள்ளே வாருங்கள் சார் என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்தார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடைக்காரரும் பார்த்தார். அவர் பார்வை என் முகத்திலிருந்து பேப்பருக்கும், பேப்பரிலிருந்து என் முகத்துக்கும் போய் வந்தது. உள்ளே போனால் ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது உண்மை. மகள் என்னைப் பார்க்காமல் எதிரே இருந்த மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லப்பா, என் பொண்ண சேக்க வந்திருக்கேன். இங்கயே நிக்கிறேன்" என்றேன்.

சாதாரண வாக்கியம்தான். ஒரு நாள் தாமதமாக வந்தது.

டீக்கடைக்காரர் வீசுவதை நிறுத்தினார். பிறகு, "எழுதத் தெரியலன்னு நான் சொன்னது சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சார்" என்றார். அவர் சொன்னது சரிதான் என்றேன். அதன்பிறகு என்னிடம் மரியாதை காட்டும் பொருட்டுப் பேப்பரால் எனக்கும் சேர்த்து வீசினார்.

பதினொன்றரை மணிக்கு எங்கள் முறை வந்தது. முதல்வர் தாழ்வாரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரே காலையில் இத்தனை பேரைக் கண்ட மகிழ்ச்சியில் அவருடைய குரல் கம்மியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். செய்திக்கு நன்றி சொல்லி, நீங்கள் எதற்கு வரிசையில் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் நீலக் கோப்பைப் பெயர் தெரியும்படி மேஜையில் வைத்தாள்.

"முந்நூத்தி ஏழு மேடம். புவியியல்."

முதல்வர் கோப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நேத்து உதவிக்கு வந்த பொண்ணுதானே நீ?"

"ஆமா மேடம். இவங்க எங்கப்பா."

அவள் குரலில் கிண்டல் எதுவும் இல்லை. தெரியாதவருக்கு ஒருவரை அறிமுகப்படுத்தும் குரல். முதல்வர் என்னை அதிக நேரம் பார்க்கவில்லை. அது அவருடைய நல்ல குணம். மேஜையில் இருந்த பதிவேட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். புதன்கிழமைப் பக்கத்தில் புவியியல் என்ற தலைப்புக்குக் கீழே ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

"நேத்து நீங்க டீ குடிச்ச நேரத்துல சேத்திருப்பேனே சார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

வந்தவர்களில் புள்ளியியலுக்குப் போனவர்கள் போக, புவியியலுக்கு மிஞ்சியவர்கள் பத்தொன்பது பேர். மார்க் வரிசை போட்டார்கள். பன்னிரண்டே முக்காலுக்குப் பெயர்களைப் படித்தார்கள். ஏழாவது பெயர் டீக்கடைக்காரரின் மகள், முந்நூற்றுப் பதினொன்று. அவர் பேப்பரைத் தலைக்குமேல் ஒருமுறை ஆட்டிவிட்டு, உடனே யாருக்கோ போன் போட்டார். முதலில் மகளுக்கு இடம் கிடைத்ததைச் சொன்னார். பிறகு பாலைப் பற்றிக் கேட்டார். பொங்கிவிட்டதாம்.

எட்டாவதாக ஒரு பெயர். ஒன்பதாவது என் மகள். இருவரையும் காத்திருப்போர் பட்டியலில் எழுதினார்கள். யாராவது விலகினால் அழைப்போம் என்றார்கள். தொடர்பு எண் கேட்டபோது நான் என் எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன். மகள் தன் எண்ணை எழுதினாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாற்றுச் சான்றிதழ் உட்பட. நடுவில் ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டாள். முடித்ததும், "அந்த டீக்கடைக்காரர் சொன்னது சரிதான். முக்கியமானதக் கடைசியிலதான் சொல்றீங்க" என்றாள். இரண்டு நாள் எனக்கு டீ கிடையாது.

அதன்பிறகு இருபத்திரண்டு நாள். பொறியியல் கல்லூரிக்காரர் காலை ஏழு மணிக்கு அழைப்பதை நிறுத்தவில்லை. இப்போது மகளே எடுத்து, நாளைய இன்ஜினியர் குளிக்கப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்துவிடுவாள். சிங்கப்பூரிலிருந்து வீடியோ வருவதும் நிற்கவில்லை. துவைத்த பை ஆணியிலேயே தொங்கியது. இருபத்திரண்டாவது நாள், பாமணியாற்றில் உடைப்பு என்று கேள்விப்பட்டு மன்னார்குடிப் பக்கம் போயிருந்தேன். மகள் போன் செய்தாள். ஏழு பேரில் ஒரு பெண் நர்சிங் கிடைத்து விலகிவிட்டாள். எட்டாவதாக இருந்த பையன் அதற்குள் வேறெங்கோ சேர்ந்துவிட்டான். கல்லூரியிலிருந்து இவளை அழைத்திருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்குள் வரவேண்டும்.

நான் உடனே கிளம்பி வருகிறேன் என்றேன். வேண்டாம், பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்றாள். கோப்பு இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாம் இருக்குப்பா. மாற்றுச் சான்றிதழும் இருக்கு" என்றாள்.

இப்போது அவள் மூன்றாம் ஆண்டு தொடங்கியிருக்கிறாள். டீக்கடைக்காரரின் மகளும் இவளும் ஒரே பஸ். செய்தி சேகரிக்கப் போகும் வழியில் எப்போதாவது அவருடைய கடைக்குப் போவேன். காசு வாங்கமாட்டார். பதிலுக்கு, அன்றைய பேப்பரில் என் செய்தி எதிலெல்லாம் முக்கியமான விஷயம் கீழே கிடக்கிறது என்று வாடிக்கையாளர்கள் முன்னால் எடுத்துச் சொல்லுவார். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லுவார்.

பிளஸ் டூ முடிவு நாளில் இப்போதும் லட்டுப் படம் எடுக்கிறேன். யாராவது உங்கள் பெண் எவ்வளவு எடுத்தாள் என்று பழைய கதையைக் கேட்டால், முந்நூற்று ஏழு என்று சொல்கிறேன். சொல்லிப் பழகிய பிறகு அது ஒரு எண்ணாக மட்டும் ஆகிவிட்டது. ஆனால் அந்த மேஜைக்கு எதிரில் அவள் கோப்பைத் திருப்பி வைத்துக்கொண்டது மட்டும் எனக்கு அப்படியே இருக்கிறது.

சென்ற மாதம் அதே கல்லூரியின் காலியிடச் செய்தியை மறுபடியும் அனுப்பினேன். புவியியலை முதல் பாராவில் எழுதியிருந்தேன். கடைசி இரண்டு பாராக்களை வெட்டிவிட்டார்கள்.